பதினைந்து நாள் ரிமாண்டும் எண்பத்து நான்கு மாத்திரையும்

கீழ்க்கட்டளை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் முடிவெட்டும் கடைக்காரர், ஷேவிங் தொடங்கும் முன் ஒரு சின்னச் சடங்கு செய்வார். பிளேடை உறையோடு சேர்த்து என் கண்ணெதிரே இரண்டாக முறிப்பார். ஒரு பாதியைக் கத்தியில் செருகுவார். "புதுசு சார்" என்பார். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் சின்ன வயதில் இதெல்லாம் கிடையாது. தோல்வாரில் தீட்டிய ஒரே கத்தி தெருவுக்கே போதுமானதாக இருந்தது. எய்ட்ஸ் பயம் வந்து, 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜா விளம்பரங்கள் சுவருக்குச் சுவர் ஏறிய பிறகு வந்த பழக்கம் இது. ஒரு நகரமே ரத்தத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடம் அரை பிளேடாக அவர் கையில் இருக்கிறது.

அந்தக் கடையில் கிடக்கும் நாளிதழைப் புரட்டினால், தென்சென்னைப் புறநகர்ச் செய்திகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். வலி நிவாரணி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பிடிபட்டார்கள். மாத்திரை அட்டைகளும் சிரிஞ்சுகளும் பறிமுதல். நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டுச் சிறையில் அடைப்பு. செய்தி அங்கே முடிந்துவிடும். அதற்கு அடுத்த வரியில்தான் அறிவியல் தொடங்குகிறது. அந்தப் பையனின் ரத்தத்தில் என்ன இருக்கிறது? அவன் ஊரின் வடகோடியில் இருக்கும் புழல் மத்திய சிறையின் வாசலுக்குள் நுழையும்போது அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்து என்ன செய்யப் போகிறார்கள்?

ரத்தம் வழியாகப் பரவும் வைரஸ்களில் இங்கே பேச வேண்டியவை மூன்று: ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், ஆனால் தொற்றும் வேகத்தில் மூன்றும் ஒன்றில்லை. மருத்துவமனைப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு பழைய கணக்கு உண்டு. தொற்று உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிட்டால், ஹெச்.ஐ.வி. தொற்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி-க்கு நூற்றில் மூன்று வரை. ஹெபடைடிஸ் பி-க்கு, தடுப்பூசி போடாதவர் என்றால், நூற்றில் முப்பது வரை. நாம் அதிகம் பயந்தது இந்த மூன்றில் மிகவும் சோம்பேறியான வைரஸுக்கு. ஹெபடைடிஸ் பி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தக் கறையில், ஏழு நாள்கூட உயிர்ப்போடு இருக்கும். ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சின் உள்ளே தங்கும் மிச்ச ரத்தத்தில் 63 நாள் வரை தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். முடிவெட்டும் கடையின் அரை பிளேடு உண்மையில் ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான ஆயுதம். பெயர் மட்டும் எய்ட்ஸுக்குப் போய்விட்டது.

உலகச் சிறைகளில் ஒரு நாளில் இருக்கும் சுமார் ஒரு கோடிப் பேரை வைத்து 2016-இல் லான்செட் இதழ் வெளியிட்ட மதிப்பீட்டில், அவர்களில் 15 சதவீதத்தினரிடம் ஹெபடைடிஸ் சி-யின் தடமும், 4.8 சதவீதத்தினரிடம் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யும், 3.8 சதவீதத்தினரிடம் ஹெச்.ஐ.வி.-யும் இருந்தன. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் நடத்திய கண்காணிப்பில் சிறைவாசிகளிடம் ஹெச்.ஐ.வி. 1.93 சதவீதம். வெளியே, வயதுவந்தோரிடம், அது சுமார் 0.2 சதவீதம். ஒன்பது பத்து மடங்கு.

இந்த எண்ணைப் பார்த்ததும் "ஜெயிலுக்குள்ள போனா வந்துடும்" என்று முடிவுகட்டுவோர் அதிகம். உள்ளே பரவுவது உண்மைதான். ஸ்காட்லாந்தின் கிளெனோகில் சிறையில் 1993-இல், ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்ததால் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோருக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியது, வைரஸின் மரபுக்குறியீட்டை ஒப்பிட்டு அது உள்ளேயே பரவியதை நிறுவினார்கள். ஆனால் எண்ணிக்கையின் பெரும்பகுதி வாசலைத் தாண்டும் முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது. ஊசி போடுகிறவர், தெருவில் உறங்குகிறவர், பாலியல் தொழிலாளி என்று எவரிடம் வைரஸ் அதிகமோ அவரைத்தான் போலீஸும் அதிகம் பிடிக்கிறது. சிறையின் வாசல் ஒரு சல்லடை மாதிரி. ஊரில் சிதறிக் கிடப்பவர்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிறது.

அந்தச் சல்லடையில்தான் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. சிக்கியது. அதுவும் சென்னையில்.

1985 இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு தருகிறார்: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடு. அப்போது அது அமெரிக்காவின் வியாதி, நமக்கெல்லாம் வராது என்பது படித்தவர்களின் நம்பிக்கை. நிர்மலாவுக்கு ரத்தம் வேண்டும். பம்பாயைப் போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனித் தெரு இல்லை. அந்தப் பெண்களை எங்கே தேடுவது? வழி கிடைத்தது: போலீஸ் பிடித்து வைத்திருந்த இடத்தில். மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோம்.

நிர்மலாவைக் கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வைக்க வேறு இடமில்லாமல் நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில், குழம்புக்கும் தயிருக்கும் பக்கத்தில் வைத்திருந்தார். சென்னையில் எலைசா சோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ஐஸ் பெட்டியோடு காட்பாடிக்கு ரயில் ஏறினார். வேலூர் சி.எம்.சி.-யில் வைராலஜித் துறைத் தலைவர் டி. ஜேக்கப் ஜான், உதவிக்கு ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இரு இளம் மருத்துவர்களை விட்டார்.

எலைசா எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் தட்டில் பல்லாங்குழி மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதத் துண்டுகளை ஒட்டவைத்திருப்பார்கள். அதில் ஒருவரின் சீரத்தை ஊற்றினால், அவர் உடம்பு அந்த வைரஸைச் சந்தித்து எதிர்ப்பொருள் தயாரித்திருந்தால், அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்; இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். பிறகு அந்த எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இன்னொன்று, அதன் முதுகில் ஒரு நொதி. கடைசியாக நொதி பட்டால் நிறம் மாறும் திரவம். நிறம் வந்தால், உண்டு.

வேலூரில் அன்று மதியம் கரண்ட் போயிற்று. டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்தார், உடனே மூடினார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதியானதும் செய்தி பிரதமர் ராஜீவ் காந்தி வரை போனது. 1986 மே மாதம் மாநிலச் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, பின்பு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, 2010-இல் அமைதியாக ஓய்வு பெற்றார். பெரிய விருதுகள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-இல் காலமாகும்வரை இதே வேலையாக இருந்தார்.

இந்தக் கதையை எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்துவார்கள். எனக்கு அந்த ஆறு பேரைப் பற்றியே யோசனை. தங்கள் ரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். அடைத்துவைத்த இடத்தில், வெள்ளைக் கோட்டு போட்டவர் கையை நீட்டச் சொன்னால் நீட்டித்தான் ஆக வேண்டும். நிர்மலாவை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பல இடங்களில் நடைமுறை அப்படித்தான் இருந்தது. ஆனால் முடிவு வந்த பிறகு நடந்தது அறிவியலின் கணக்கில் வராது. மருந்து இல்லாத காலம். எனவே அந்த முடிவுக்கு ஒரே ஒரு பயன்தான் இருந்தது: உள்ளேயே வைத்திருப்பது. தண்டனைக் காலம் முடிந்தும், தொற்று இருக்கிறது என்பதற்காகப் பெண்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1990-இல் பம்பாயிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர்வைத்த ரயிலில் மீட்டுவந்து, அவர்களையும் சோதித்தார்கள். முக்தி என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்வைப் பாராட்ட வேண்டும். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அந்த ஆண்டுதான் பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில், ரத்ததானம் செய்யப் போன டொமினிக் டிசோசா என்ற இளைஞரை, தொற்று இருக்கிறது என்பதற்காகவே போலீஸ் காவலோடு 64 நாள் பூட்டி வைத்தார்கள். அடைத்த இடம், கைவிடப்பட்ட ஒரு காசநோய் சானடோரியம்.

சானடோரியம் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும். சவுரிமுத்து என்ற மருத்துவர் 1928-இல் தாம்பரத்தின் மலையடிவாரக் காற்றை நம்பித் தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். 1993-இலிருந்து, வேறு மருத்துவமனைகள் தொடவே தயங்கிய ஹெச்.ஐ.வி. நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அன்றைக்கு விஜிலன்ஸ் ஹோமின் சோதனைக்கும் இன்றைக்குப் புழலில் நடக்கும் சோதனைக்கும் இடையே மாறியது இந்த ஒன்றுதான். முடிவுக்கு இப்போது ஒரு பயன் இருக்கிறது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டம், விளக்கம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது என்கிறது. அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆலோசனையும் சோதனையும் சிகிச்சையும் உரிமை என்றும் தனிப் பிரிவே வைத்திருக்கிறது.

சட்டம் சரி, மருந்து சரி. இடிக்கும் இடம் நாள்காட்டி.

சட்டத்துக்கு ஒரு நாள்காட்டி உண்டு. கைதானவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்ட் பதினைந்து பதினைந்து நாளாக நீளும். 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், பெரும்பாலான வழக்குகளில் ஜாமீன் கேட்கும் உரிமை தானாக வந்துவிடும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். இவர்கள் வருவார்கள், போவார்கள், மறுபடி வருவார்கள்.

வைரஸின் நாள்காட்டி வேறு. ஒருவருக்கு நேற்று தொற்றியிருந்தால் இன்று எந்தச் சோதனையும் காட்டாது. எதிர்ப்பொருள் உருவாகவே நாளாகும், ஹெச்.ஐ.வி.-க்குச் சில வாரங்கள், ஹெபடைடிஸ் சி-க்கு இரண்டு மாதத்துக்கும் மேலாகலாம். பிடிபடும் முந்தின வாரம் ஊசியைப் பகிர்ந்த பையனின் ரத்தம் வாசலில் சுத்தம் என்றே சொல்லும். அவனை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பதினைந்தாம் நாள் பெயிலில் போய்விட்டால் எங்கே தேடுவது?

ஹெபடைடிஸ் சி-யில் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல். எதிர்ப்பொருள் இருப்பது வைரஸ் இருப்பதாகாது. தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடம்பு வைரஸைத் தானே விரட்டிவிடும். தழும்பு மாதிரி எதிர்ப்பொருள் மட்டும் மிச்சமிருக்கும். எனவே வைரஸின் ஆர்.என்.ஏ.-வைத் தேடும் இரண்டாவது சோதனை அவசியம். ஒரே துளியில் இரண்டையும் பார்த்துவிட்டால் நல்லது. 'அடுத்த வாரம் வா' என்பது பெயில் கிடைக்கப்போகிறவரிடம் சொல்லும் வார்த்தை அல்ல.

இத்தனைக்கும், மூன்றில் முழுமையாகக் குணமாவது இதுதான். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர், அப்போது அங்கே ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரம், நாளுக்கு ஒன்று, எண்பத்து நான்கு மாத்திரை. பெருக்கிப் பார்த்தால் 84,000 டாலர். இந்திய நிறுவனங்கள் அதையே மிகச் சொற்ப விலைக்குத் தயாரித்தன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் அது இலவசம். துணை மருந்தோடு சேர்த்து ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். இந்த எண்பத்து நான்கு நாளை ஜாமீனின் அறுபது நாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறையில் தொடங்கிய மருந்து வெளியில்தான் முடியும், அதாவது கீழ்க்கட்டளையிலோ குரோம்பேட்டையிலோ ஒரு வீட்டு அலமாரியில். வாசலில் வெளியேறும்போது மீதி மாத்திரைகளையும், போக வேண்டிய அரசு மருத்துவமனையின் பெயர் எழுதிய சீட்டையும் கையில் கொடுத்தனுப்பாத திட்டம் பாதித் திட்டம்.

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி மருந்தால் குணமாவது அரிது, அடங்கும். இதற்குத் தமிழர்கள் வைத்திருந்த மருந்து கீழாநெல்லி. காமாலை என்றதும் மோரில் அரைத்துக் கொடுக்காத வீடு உண்டா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கையே சேர்த்துக்கொண்டு, 1988-இல் லான்செட்டில் ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. நமக்கு வருத்தம்தான். ஆனால் நம் சரக்கு என்பதற்காக விதியைத் தளர்த்த முடியாது.

பி-க்குக் கைகண்டது தடுப்பூசி. இந்தியாவில் குழந்தைகளுக்கு அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது 2011 வாக்கில். இன்று புழல் வாசலில் நிற்கும் முப்பது வயதுக்காரர் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார். வழக்கமான மூன்று தவணை முடிய ஆறு மாதம். ஆனால் 0, 7, 21-ஆம் நாட்களில் போட்டு, ஓராண்டு கழித்து ஒன்று வைக்கும் அவசர அட்டவணையும் உண்டு. இங்கிலாந்துச் சிறைகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். பதினைந்து நாள் ரிமாண்டுக்குள் இரண்டு ஊசி போட்டுவிடலாம். சட்டத்தின் நாள்காட்டிக்குள் மருத்துவம் குனிந்து நுழைந்த ஒரே இடம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. அது வாசலில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவரை விட, ஏற்கெனவே ஹெச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்து திடீரென்று கைதாகிறவருக்கே அதிகம். மாத்திரை டப்பா வீட்டில் கிடக்கிறது. போலீஸ் வண்டியில் ஏறும்போது யார் எடுத்துக்கொண்டு போவார்கள்? ஸ்டேஷனில் சொன்னால் ஏரியா முழுக்கத் தெரியும் என்ற பயம். சிறை அட்மிஷனில், பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டர் கேட்டால், "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். மருந்து நின்ற இரண்டு, மூன்று வாரத்தில் ஹெச்.ஐ.வி. மீண்டும் பெருகத் தொடங்கும். அது மட்டுமில்லை. இப்போது தரப்படும் ஒரே மாத்திரையில் இருக்கும் மூன்று மருந்துகளில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கிவைப்பவை. இரண்டு தொற்றும் உள்ளவருக்கு அது நின்றால், அடங்கிக் கிடந்த கல்லீரல் நோய் சீறி எழும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். பதினைந்து நாள் என்பது நீதிமன்றத்துக்குச் சின்ன எண்.

அதனால்தான் சம்மதத்தை நான் நாகரிகமான உபசாரமாகப் பார்ப்பதில்லை. அது நோயறியும் கருவி. பயந்தவன் பொய் சொல்வான். பொய் சொன்னால் கல்லீரல் போய்விடும். இங்கிலாந்தில் 2014 முதல், உள்ளே வரும் எல்லோருக்கும் இந்த மூன்று சோதனையும் உண்டு, வேண்டாதவர் சொல்லலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் என்னும்போது யார்மீதும் தனிச் சந்தேகம் விழுவதில்லை, அது நல்லது. ஆனால் விலங்கு போட்டுக் கூட்டிவந்தவனிடம் "வேண்டாம்னா சொல்லுப்பா" என்றால், அவன் காதில் அது எப்படி விழும்? மயிலாப்பூரில் கை நீட்டிய பெண்களிடமும் யாரும் மிரட்டிக் கேட்கவில்லை. கேட்பவர் சீருடைக்காரராக இல்லாமல் ஆலோசகராக இருப்பதும், வரிசையை விட்டுத் தள்ளி ஒரு கதவு சாத்திய அறையில் கேட்பதும் செலவில்லாத காரியங்கள்.

கருவிகளும் இப்போது எளிமையாகிவிட்டன. காட்பாடிக்கு ரயில் ஏற வேண்டாம், வீட்டு ஃபிரிட்ஜ் வேண்டாம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்று. எலைசா செய்த அதே வேலையைத் தாளின்மேல் செய்கிறது. கோடு விழ இருபது நிமிடம் போதும். சிறை வாசல் மேஜையில் பெயர், தகப்பனார் பெயர், உயரம், இரண்டு அங்க அடையாளம், கொண்டுவந்த பொருட்கள் என்று பதிவேட்டை எழுதி முடிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், இரண்டு வேறு அறைகளில். அந்தப் பதிவேட்டில் மட்டும் இதற்கொரு கட்டம் இருக்கக் கூடாது.